நுண்ணொளியைப் பெருக்கிய கருவிகள்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நந்திதுர்க்கில் வாழும் நமக்கு எக்ஸ்ரே என்னும் சொல் புதிதன்று. பாறையைத் துளைத்துப் பொன் எடுத்த தொழிலாளரின் நுரையீரலில் பாறைத் தூசு படிந்து, சிலிக்கோசிஸ் என்னும் நோயாயிற்று. நெஞ்சை ஊடுருவிக் காட்டிய எக்ஸ்ரே படமே அந்நோய்க்குச் சான்றாக நின்றது. ஆகவே, அக்கலையை வளர்த்த கருவிகளையும், அவற்றின் காப்புரிமையையும் குறித்துச் சில சொல்ல விழைகிறோம்.

காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம். புதியது கண்டவர், அதன் செய்முறையைப் பிறரும் செய்யத்தக்கவாறு எழுதி அரசிடம் ஒப்புவிக்கிறார். அதற்கு ஈடாக, குறித்த காலம்வரை அவர் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்து விற்றல் ஆகாது. நம் நாட்டில் அக்காலம் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள். அதன்பின் அது பொதுச்சொத்து.

1895-இல் எக்ஸ் கதிரைக் கண்ட ராண்ட்ஜன், அதற்குக் காப்புரிமை பெறாமல் உலகிற்கே விட்டுக்கொடுத்தார். நம் ஜகதீச சந்திர போஸும் அத்தகைய மனத்தினரே. எனினும், நண்பர்களின் வற்புறுத்தலால் 1901-இல் விண்ணப்பித்தார். ஈயக் கந்தகப் படிகத்தால் மின்னலைகளை உணரும் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

உணர்ந்தால் மட்டும் போதுமா? பெருக்கவும் வேண்டும். லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் வால்வினுள் மூன்றாவதொரு கம்பி வலையை அமைத்து, 1908-இல் காப்புரிமை பெற்றார். மெல்லிய மின்குறியைப் பெரிதாக்கும் வழி அதனால் திறந்தது.

1930-களில் ஒளியை உணர்ந்து பெருக்கும் குழாய்கள் உருவாயின. ஒளித்துளி பட்டு ஓர் எலெக்ட்ரான் வெளிப்படும். அது ஒரு தகட்டில் மோதி நான்கை எழுப்புவதாகக் கொள்வோம். நான்கும் அடுத்த தகட்டில் மோதினால் பதினாறு. இவ்வாறு பத்துத் தகடுகள் கடந்தால் 10,48,576! நம் மாணவர்கள் பெருக்கிப் பார்க்கலாம்.

எக்ஸ்ரேயிலும் இவ்வழி பயன்பட்டது. முன்னாளில், திரையில் தோன்றும் மங்கிய உருவைக் காண, மருத்துவர் வெகுநேரம் இருளில் கண்ணைப் பழக்கிக் காத்திருந்தார். 1948-இல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் ஜான் கோல்ட்மன், அவ்வொளியை எலெக்ட்ரான்களாக மாற்றி, உயர் மின்னழுத்தத்தால் விரைவுபடுத்தி, சிறு திரையில் பன்மடங்கு பொலிவுடன் காட்டினார். இக்கால டிஜிட்டல் எக்ஸ்ரேயிலும், தட்டின் ஒவ்வொரு புள்ளியில் சேரும் மிகச் சிறு மின்னூட்டம் பெருக்கப்பட்டே படமாகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். பெருக்கும் கருவிக்கு ஒரு குறை உண்டு. வேண்டியதையும் வேண்டாததையும் ஒன்றாகவே பெருக்கும். வானிலிருந்து பொழியும் கதிர்களின் ஆரவாரத்தில், நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளம் மறைந்துவிடும். அந்த ஆரவாரத்தைத் தடுக்க நம் பாறை உதவிற்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒளிபெருக்கிக் குழாய்களை நிறுவினர். 1965-இல், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளத்தை உலகில் முதன்முதல் கண்டவர்களுள் அவர்களும் ஆயினர். தொழிலாளர் தோண்டிய ஆழமே அவ்வறிவுக்கு இடம் தந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன, நோயோ மூடப்படவில்லை. தூசுபட்ட வேலையை விட்ட பின்னரும் சிலிக்கோசிஸ் வளரக்கூடும். சுரங்கத்தில் உழைத்த பெரியோர்கள் நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்ளத் தயங்கலாகாது. பழைய படங்களை எறிந்துவிடவும் வேண்டா. புதியதோடு ஒப்பிட்டு நோயின் போக்கை அறிய மருத்துவருக்கு அவை உதவும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காப்புரிமை ஆவணங்களை இன்று இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். மாதம் ஒன்றைப் படித்துத் தமிழில் விளக்க நம் சங்கம் இடம் தரட்டும். பிறர் கண்டதைப் படிக்கும் பிள்ளை, நாளை தான் கண்டதை எழுதும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!