தண்ணீரின் இழுவையும் வாராக்கடன் ஒதுக்கீடும்

வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற இவருக்குக் கடலில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். கடல்சார் பொறியாளரான என் மருமகன் விளக்கியதை எனக்குத் தெரிந்த கணக்கு மொழியில் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கரைக்கு அப்பால், 2017-ல் 'ஹைவிண்ட்' என்ற மிதக்கும் காற்றாலைகள் ஐந்து இயங்கத் தொடங்கின. மொத்தம் 30 மெகாவாட். ஒவ்வொன்றும் நீருக்குள் ஆழமாக இறங்கும் ஒரு உருளையின் மேல் நிற்கிறது. அதை மூன்று நங்கூரச் சங்கிலிகள் பிடித்திருக்கின்றன.

இப்படி மிதக்கும் அமைப்புகளைக் காற்றும் அலையும் மெதுவாக ஆட்டும். ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் வீச்சு கூடுமல்லவா, அதேபோல் இந்த ஆட்டமும் கூடும். அதற்கு முக்கியமான பிரேக், தண்ணீரின் பாகுத்தன்மையால் வரும் இழுவிசைதான்.

வீட்டிலேயே பாருங்கள். வாளித் தண்ணீரில் ஒரு தட்டைக் குறுக்காகப் பிடித்துத் தள்ளுங்கள். வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். 1950-ல் மோரிசனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சூத்திரத்தில் இந்தக் கணக்குதான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள 'இழுவிசைக் கெழு' என்ற எண்ணைச் சோதனை செய்துதான் எடுக்க வேண்டும். வழவழப்பான உருளைக்கு அது 1.2 ஆக இருக்கலாம். ஓட்டம் மாறினால் 0.3 அளவுக்கும் இறங்கும். சிப்பியும் பாசியும் ஒட்டினால் மறுபடி மாறும்.

சிறிய மாதிரி செய்து தொட்டியில் சோதிக்கலாமே என்று நானும் கேட்டேன். 50-ல் ஒரு பங்கு மாதிரி செய்து அலையைப் பொருத்தினால், ஓட்டத்தின் குணத்தைச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண் சுமார் 350 மடங்கு குறைந்துவிடுமாம். அதனால் தொட்டிக் கணக்கை அப்படியே கடல் பேரேட்டில் ஏற்ற முடியாது.

இது வாராக்கடனுக்கு ஒதுக்குவது போலத்தான். பிரேக்கை அதிகமாக எழுதினால் காகிதத்தில் ஆட்டம் அடங்கிவிடும். அதை நம்பி மெலிதாகப் போட்ட சங்கிலி புயலில் அறுந்துபோகலாம். குறைவாக எழுதினால் வீணான கனச் சங்கிலிக்குப் பணம் போகும். இன்னொரு சிக்கல், நீரோட்டம் வரும்போது அதே இழுவிசை அமைப்பைத் தள்ளவும் செய்யும். ஒரே எண் வரவிலும் வரும், பற்றிலும் வரும்!

ஆகவே பொறியாளர்கள் ஒரே எண்ணை நம்புவதில்லை. குறைந்த மதிப்பிலும் கூடிய மதிப்பிலும் கணக்குப் போட்டு, இரண்டிலும் சங்கிலி தாங்குமா என்று பார்க்கிறார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் லிஃப்ட் பராமரிப்பு மதிப்பீடு வரும்போது நீங்களும் கேளுங்கள்: குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு?