பன்னா? பண்பா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, 'சுவையே' என்று சப்புக்கொட்டிப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, 'உபசரிப்பே' என்று வாதாட வந்திருக்கிற என் அணியினரே, எங்களைச் சண்டை போடவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

தலைப்பு என்ன? 'ஊர் பேக்கரிக்கு நம்மை மறுபடியும் மறுபடியும் வரவைப்பது சுவையா? உபசரிப்பா?' எதிரணித் தலைவர் பத்து நிமிஷம் பேசினாரு. தேங்காய் பன்னுன்னாரு, முட்டை பப்ஸுன்னாரு, ஹனி கேக்குன்னாரு. அவர் பேசி முடிக்கும்போது பார்த்தா, பின்வரிசையில பாதிப் பேரைக் காணோம். பேக்கரியைத் தேடிப் போயிட்டாங்க! (சிரிப்பு)

ஐயா, சுவை வேண்டாம் என்றா நாங்கள் சொல்கிறோம்? காய்ந்துபோன கேக்கைக் கொடுத்துவிட்டு, 'வாங்க, வாங்க' என்று கும்பிடு போட்டால் யார் வருவார்கள்? சுவை வேண்டும். அது கடைக்கு அஸ்திவாரம். ஆனா அஸ்திவாரத்துல யாரும் குடியிருக்கிறதில்லையே! முதல் தடவை நம்மை உள்ளே இழுப்பது அடுப்பு வாசனை. இரண்டாம் தடவை இழுப்பது மனுஷ வாசனை. (கைதட்டல்)

பேக்கரிக்கு யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஓட்டலுக்குப் போனால் நாலு பேருக்கு இலை போட்டதும் பர்ஸ் மெலிஞ்சிடும். பேக்கரியில ஒரு டீ, ஒரு பன். அந்தப் பன்னையும் ரெண்டு பேர் பிட்டுக்கலாம். பஸ்ஸை விட்ட மாணவன் வருவான். ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு, வீட்டுக்கும் போக முடியாமல் சாப்பிடவும் மனசில்லாமல் ஒரு அம்மா வருவாங்க. ஓய்வு பெற்ற பெரியவர், வீட்டில் பேச ஆளில்லாமல் வருவார். அவர் வாங்குறது டீ, தேடுறது பேச்சு. கையில் பெரிய காசில்லாதவன் ஊருக்கு நடுவில் கௌரவமாக உட்காரக் கிடைக்கிற இடம் அது. அந்தக் கௌரவத்தை எந்த அடுப்பிலும் சுட்டு எடுக்க முடியாது!

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பகுதி பேக்கரியில் ஒரு நாள் சாயங்காலம். எனக்கு முன்னால ஒருத்தர் பிறந்தநாள் கேக் வாங்கினார். கல்லாவில் இருந்த பையன், "பேரு ஸ்பெல்லிங் சொல்லுங்க சார்"னு கேட்டான். அவரும் இங்கிலீஷ்ல ஒவ்வொரு எழுத்தா ஒப்பிச்சாரு. அடுத்து ஒரு அம்மா. சித்தாள் வேலை முடிச்சு நேரா வந்திருக்காங்க. புடவை முந்தானையில சிமெண்ட் ஒட்டியிருக்கு. அரைக் கிலோ கேக். "பேர் எழுதினா காசு கூடவா தம்பி?" "இல்லம்மா, பேரைச் சொல்லுங்க." மகள் பேரைச் சொன்னாங்க. சொல்லிட்டு, அடுத்த கேள்வி என்ன வரப்போகுதோன்னு அந்த முகத்துல ஒரு பயம். அந்தப் பையன் கேக்கலீங்க! முன்னால நின்னவர்கிட்ட கேட்ட ஸ்பெல்லிங்கை இந்த அம்மாகிட்ட கேக்கல. கிரீம் பையை எடுத்தான். அழகா, கொட்டை எழுத்துல, தமிழ்ல எழுதினான். எழுதிட்டு, "சரியா இருக்காம்மா?"ன்னு திருப்பிக் காட்டினான். அந்த அம்மா எழுத்துக்கூட்டி வாசிச்சாங்க. வாசிச்சு முடிச்சதும் முகத்துல வந்த வெளிச்சத்துக்கு மெழுகுவத்தியே வேண்டாம்! (பலத்த கைதட்டல்)

எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன்: அந்தக் கேக்கின் இனிப்பு எங்கே இருந்தது? சர்க்கரையிலா? 'உனக்குப் படிக்கத் தெரியுமா' என்று நாலு பேர் நடுவில் ஒரு தாயைச் சோதிக்காமல் விட்டானே, அந்தப் பண்பிலா?

இதற்கு நேர்மாறும் உண்டு. எங்க பெரியப்பா கிராமத்திலிருந்து வந்தவர், ஒரு பெரிய பேக்கரிக்குள்ள போனார். கடை பேர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏ.சி. டீ அருமையான டீ. பெரியவர் ஆற்றி ஆற்றி மெதுவாக் குடிக்கிறார். கடைப் பையன் வந்து மேஜையைத் துடைச்சான். ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி துடைச்சான். மூணாவது தடவை டம்ளரைத் தூக்கிட்டுத் துடைச்சான். துடைக்கிறது சுத்தத்துக்கு இல்லீங்க. 'எந்திரி'ங்கிறதுக்கு அதுதான் சங்கேதம்! பெரியப்பா வீட்டுக்கு வந்து சொன்னார்: "ரொம்பச் சுத்தமான கடைப்பா. என்னையும் சேர்த்துத் துடைச்சிட்டான்." (சிரிப்பு) சிரிக்கிறீங்க. அவர் சிரிக்கல. அந்தப் பக்கம் மறுபடி போகவும் இல்லை. டீ நன்றாகத்தானே இருந்தது? சுவை ஏன் அவரைத் திரும்ப இழுக்கவில்லை?

எதிரணி அம்மையார் தூத்துக்குடி மக்ரூனைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். நல்லவேளை, பேச்சில்தான் வைத்தார்! முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக் கரு, மூன்றும் சேர்ந்த அற்புதம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மா, ஈரக் காற்று பட்டால் அந்த மக்ரூன் நமுத்துப்போகும். "டப்பாவைத் திறந்தா உடனே மூடிடுங்க, மழைக்காலம் பாருங்க" என்று சொல்லிக் கொடுக்கிற கடைக்காரர் இருந்தால்தான் நீங்கள் சொன்ன சுவை உங்கள் வீடு வந்து சேரும். ஆக, உங்கள் சுவைக்கே எங்கள் உபசரிப்புத்தான் காவல்!

உபசரிப்பு என்றால் பல்லைக் காட்டுவது மட்டுமா? இல்லை. "அம்மா, இந்தப் பப்ஸ் காலையில போட்டது. குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம், ரஸ்க் எடுத்துக்குங்க" என்று சொல்வதுதான் உயர்ந்த உபசரிப்பு. அன்றைக்கு ஒரு பப்ஸ் நஷ்டம். ஒரு குடும்பம் லாபம்.

நாக்கை நம்பலாம் என்கிறார்கள். நாக்குக்கு என்ன தெரியும்? ரொட்டி நன்றாக உப்பி வருவதற்காக மாவில் பொட்டாசியம் புரோமேட் என்ற ரசாயனத்தைச் சேர்க்கிற வழக்கம் இருந்தது. புற்றுநோய் அபாயம் உண்டு என்ற ஆய்வுகளுக்குப் பிறகு, நம் நாட்டில் 2016-இல் அதற்குத் தடை வந்தது. அது கலந்த ரொட்டியைத் தின்று பார்த்து எந்த நாக்காவது கண்டுபிடித்ததா? இல்லையே! தட்டில் வைத்து விற்கிற இனிப்புக்கு எத்தனை தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிவைக்கச் சொல்லி 2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. அதன் இடத்தில் 2019-இல் புதிய சட்டம் இயற்றினார்கள். இத்தனை சட்டமும் எதற்கு? நாக்கை ஏமாற்றிவிடலாம் என்பதற்காகத்தானே! பின்கட்டில், யாரும் பார்க்காத இடத்தில், நம் பிள்ளையின் வயிற்றை நினைத்து மாவு பிசைகிறாரே மாஸ்டர், அதுவும் உபசரிப்புத்தான். (கைதட்டல்)

இப்போ கடையில பேச்சே குறைஞ்சுபோச்சு. செல்போனைக் காட்டிப் பணம் கட்டுறோம். கல்லாவில இருக்கிறவர் நிமிர்ந்தே பார்க்கல. பக்கத்துல இருக்கிற பெட்டி மட்டும் "இருபது ரூபாய் பெறப்பட்டது"ங்குது. பெட்டி வாயைத் திறக்குது, மனுஷன் திறக்கல! வசதி வந்தது நல்லதுதான். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்று அந்தப் பெட்டி கேட்குமா? அதைக் கேட்கிற கடைக்குத்தானே நாம் திரும்பிப் போகிறோம்?

நிறைவாக ஒன்று. நான் தமிழ் வாத்தியார். வள்ளுவரைத் தொடாமல் இறங்கினால் எனக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் கோவித்துக்கொள்வார்கள். தொல்காப்பியத்தில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் 'புதுமை' என்று பொருள். விருந்தினர் என்றால் நமக்குப் புதியவர். தினமும் வருகிற பணக்காரரைக் கவனிப்பது வியாபாரம். முன்பின் தெரியாத, கையில் பத்து ரூபாயோடு வருகிறவரைக் கவனிப்பதுதான் விருந்தோம்பல்.

குறளில் ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். அடுத்தது இனியவை கூறல். அதற்கடுத்தது செய்ந்நன்றி அறிதல். ஒரு நல்ல பேக்கரியே இந்த வரிசைக்குள் இருக்கிறது! வந்தவரை வரவேற்றான், இனிமையாகப் பேசினான், வந்தவர் நன்றி மறக்காமல் மறுநாளும் வந்தார். இந்த மூன்று அதிகாரத்துக்கும் நடுவில் பப்ஸ் எங்கேயாவது வருகிறதா? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, பன்னிரண்டாவது அதிகாரம் என்ன தெரியுமா? நடுவு நிலைமை! அது உங்களுக்கு. அந்த அதிகாரத்தை வள்ளுவர் எங்கே கொண்டுபோய் முடிக்கிறார்? வணிகர்களிடம்! பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே வணிகம் என்று முடிக்கிறார். பொருளையே அப்படிப் பேண வேண்டும் என்றால், வாசல் தேடி வந்த மனுஷனை எப்படிப் பேண வேண்டும்?

பன் பசியாற்றும், பண்பு மனசாற்றும். வள்ளுவர் வரிசைப்படி தீர்ப்பைச் சொல்லுங்கள் என்று கேட்டு, விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)