வேறு வைத்த வீடு



"பாரம்பரிய வீட்டை அப்படியே காப்பதா, பல குடித்தனமாகப் பிரித்து வாழ்வதா?" இது தலைப்பு. பிரித்து வாழ்வதுதான் என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி செட்டிநாட்டு வீட்டைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கினார். பர்மாத் தேக்கு என்றார். ஆத்தங்குடிக் கல் என்றார். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவைச் சேர்த்து இழைத்த சுவரிலே முகம் பார்க்கலாம் என்றார். எல்லாம் உண்மை. ஆனா அந்த அம்மா ஒண்ணை மட்டும் சொல்லவே இல்லை. அந்தச் சுவத்துல முகம் பாக்க இப்போ வீட்டுல யாரு இருக்கா? (கைதட்டல்)

நான் சொல்றேன். வௌவால் இருக்கு. ஒரு வாட்ச்மேன் இருக்காரு. அவரும் ராத்திரி பயந்துக்கிட்டுத் திண்ணையிலதான் படுக்குறாரு! (சிரிப்பு)

கண்டனூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முன்வாசல் ஒரு தெருவிலே, பின்வாசல் அடுத்த தெருவிலே. எண்பது வயது ஆச்சி ஒருத்தர் தனியாக இருக்கிறார். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், எல்லாம் பூட்டு. "எத்தனை அறை ஆச்சி?" என்றேன். "எண்ணிப் பாத்ததில்ல தம்பி. இது பெரியவுக அறை, அது நடுவுலவுக அறை, இந்தா இது எங்க அறை. கல்யாணமாகி வந்ததும் எங்களை வேற வச்சாக. வருசத்துக்கு இவ்வளவு நெல்லு, இவ்வளவு பருப்பு, செலவுக்கு இவ்வளவு பணம்னு மாமனார் அளந்து குடுத்துருவாக. பின்கட்டுல எனக்குன்னு ஒரு அடுப்பு" என்றார்.

நடுவர் அவர்களே, அந்த இடத்திலேயே எனக்கு இந்த வழக்கின் தீர்ப்பு கிடைத்துவிட்டது. நகரத்தார் வழக்கத்திலே அதற்குப் பெயரே 'வேறு வைத்தல்'. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு 'புள்ளி'. கோயில் வரிகூடப் புள்ளிக் கணக்கில்தான். ஒரே கூரை, ஆனால் தனித்தனி அறை, தனித்தனி அடுப்பு, தனித்தனி வரவு செலவு. ஐயா, இன்றைக்கு நாம் ஃபிளாட் என்கிறோமே, அதை அவர்கள் அன்றைக்கே வளவைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள்! (பலத்த கைதட்டல்) பல குடித்தனத்துக்காகவே கட்டிய வீட்டில், பல குடித்தனம் வந்தால் பாரம்பரியம் போய்விடும் என்று எதிரணி அழுதால் நான் என்ன செய்வேன்?

இந்த வீடுகள் ஏன் காலியாயின? 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது. கால்நடையாகவே எத்தனையோ பேர் திரும்பினார்கள். போட்ட முதல் போச்சு. பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் போனார்கள். பேரன் பேத்தி பெருகப் பெருகப் பங்கும் பெருகிற்று. 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் நாடு முழுவதும் பெண்பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது, நல்ல சட்டம். இப்போ ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளி, நாற்பது பங்காளி. ஓடு ஒழுகுது. யார் மாத்துவா? சிங்கப்பூர்ல இருக்கறவர் கோயம்புத்தூர்க்காரரைக் கை காட்டுறார். கோயம்புத்தூர்க்காரர் போனையே எடுக்கறதில்லை! (சிரிப்பு) ஒழுகுகிற நீர் உத்தரத்தில் இறங்குகிறது, கறையான் ஏறுகிறது, மூன்று மழையிலே மச்சு உட்காருகிறது. பிறகு வீடு கிலோக் கணக்காகிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலே போய்ப் பாருங்கள். கதவும் நிலையும் தூணும் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். பிரிக்க மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்த வீடுதான் ஐயா அங்கே துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

"ஓட்டலாக்கலாமே" என்றார் எதிரணி நண்பர். ஆக்கியிருக்கிறார்கள். கானாடுகாத்தானிலே விசாலம், கொத்தமங்கலத்திலே சாரதா விலாஸ். நன்றாகவே காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் எழுபத்துச் சொச்சம் ஊரிலே ஆயிரக்கணக்கான வீடு. அத்தனைக்கும் சுற்றுலாப் பயணி எங்கே இருந்து வருவார்? வந்தாலும், தாத்தா வீட்டுல பேரன் வாடகை குடுத்துத் தங்கணுமா?

பிரிப்பதற்கும் வழி இருக்கிறது. அடுக்குமாடி உரிமைக்குத் தமிழ்நாட்டிலே 1994-லும், பிறகு 2022-லும் சட்டம் செய்தார்கள். குடியிருப்பு தனக்கு, பொது இடத்திலே பிரிபடாத பாகம். அந்தக் கணக்கைப் பங்காளிகள் பத்திரத்திலே எழுதிக்கொள்ளட்டும். முகப்பு, வளவு, சாமி அறை பொது. இரண்டிரண்டு அறையைச் சேர்த்து ஒரு குடித்தனம்.

இங்கே எங்கள் அணித் தலைவர் கோபித்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. குளியலறையைத் தேக்கு மச்சு மேலே ஏற்றாதீர்கள்; பின்கட்டிலே, மண்தரையிலே வையுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, உப்புப் பூத்து, பூச்சு உதிரும். வளவின் வானத்தை ஃபைபர் ஷீட் போட்டு மூடுகிறவர் இருந்தால், நான் இப்பவே நாற்காலியைத் தூக்கிக்கிட்டு எதிரணிக்கு வந்துடறேன். (சிரிப்பு) அந்தத் திறப்பு வழியாகத்தான் வெப்பக் காற்று மேலே போகிறது. நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் அங்கேதான் இறங்குகிறது. மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியது 2003-ல்; இவர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அண்டாவும் கிணறுமாகச் சேகரித்தவர்கள். உலகத்தின் கரியமில வாயுவிலே சுமார் 8 விழுக்காடு சிமெண்டுத் தயாரிப்பால் வருகிறது என்கிறார்கள். நிற்கிற வீட்டிலே பத்துக் குடும்பம் குடிபோனால், பத்துப் புது வீட்டுச் சிமெண்டு மிச்சம்.

கடைசியாக, "முன்னோருக்குப் படைப்பு எங்கே வைப்பது?" என்று சகோதரி கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. அதே வளவிலேதான் அம்மா. இப்போ படைப்புக்கு முதல் நாள் கார்ல வந்து, பூட்டை உடைச்சு, தூசி தட்டி, மறுநாள் பூட்டிட்டுப் போறாங்க. அந்த ஆச்சியிடம் நான் கிளம்பும்போது கேட்டேன், "இந்த அறைகள்ல ஆள் வந்தா உங்களுக்குச் சம்மதமா?" "யாரு வந்தா என்ன தம்பி, ராத்திரியில ஒரு இருமல் சத்தம் கேட்டாப் போதும்" என்றார்.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். ஆச்சி வீட்டுப் பூட்டைத் திறக்கிற தீர்ப்பாகச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டு அமர்கிறேன்.  (கைதட்டல்)