சிபில் சரியில்லைன்னு சொன்னா திரும்பி வந்துடாதீங்க!

(கட்டுமாவடியில் நடந்த விவசாயிகள் விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



முன்னெல்லாம் கடன் கேட்கப் போனால் பேங்க் மேனேஜர் சிட்டா அடங்கல் கேட்பார், வி.ஏ.ஓ. கையெழுத்து கேட்பார். வயலை வந்து பார்த்த மேனேஜரும் உண்டு. இப்போ அதெல்லாம் இல்லை. கம்ப்யூட்டரில் நம்ம நம்பரைத் தட்டுகிறார். ரெண்டு நிமிஷம் பார்க்கிறார். "சிபில் சரியில்லீங்க" என்கிறார். எந்தக் கடனில் என்ன கோளாறு என்று சொல்வதில்லை. நம்மாளும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளியே வந்து, நேரா வட்டிக்காரன் வீட்டு வாசலில் போய் நிற்கிறான்.

இந்த சிபில் என்பது என்ன? அரசாங்க ஆபீஸ் இல்லை. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு தனியார் கம்பெனி. இதே வேலையை எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று கம்பெனிகளும் செய்கின்றன. 2005-இல் இதற்கென்று மத்திய அரசு ஒரு சட்டமே போட்டது. நாம் எங்கே கடன் வாங்கினோம், தவணை தப்பியதா, யாருக்கு ஜாமீன் போட்டோம் என்று பேங்குகள் எழுதி அனுப்புவதை இவர்கள் சேர்த்து வைத்து, 300-லிருந்து 900 வரை ஒரு மார்க் போடுகிறார்கள். பேங்க் தப்பாக எழுதி அனுப்பினால் மார்க்கும் தப்பாகத்தான் வரும். நம்ம வயலைப் பற்றி அந்தக் கம்பெனிக்கு ஒன்றும் தெரியாது.

கூட்டுறவு சங்கத்திலாவது தப்பிப்போம் என்று இருந்தோம். 2025 மே மாதம் அங்கேயும் பயிர்க்கடனுக்கு சிபில் பார்க்கச் சொல்லி சுற்றறிக்கை வந்தது. தமிழ்நாடு முழுக்க விவசாயிகள் கொதித்த பிறகு, "மார்க்கைப் பார்த்து மறுக்கமாட்டோம், வேறு பேங்கில் கடன் நிற்கிறதா என்றுதான் பார்க்கிறோம்" என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். சத்தம் போட்டதால் வந்த விளக்கம் அது. சும்மா இருந்திருந்தால் வந்திருக்காது.

நம்ம பக்கத்து நிலைமையை யோசித்துப் பாருங்கள். நாம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. தஞ்சாவூர்க்காரன் நடவு முடித்துக் களை எடுக்கும்போதுதான் நம்ம வாய்க்காலில் தண்ணி எட்டிப் பார்க்கும். ஒரு வருஷம் அதுவும் வராது. ஆனால் கடனுக்குத் தவணைத் தேதி மட்டும் தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒன்றுதான்! 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் அடித்ததே, மறந்துவிடுமா? பிள்ளை மாதிரி வளர்த்த தென்னை ஒரே ராத்திரியில் சாய்ந்தது. மறுபடி கன்று வைத்துக் காய் பறிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷங்களில் தவணை தப்பியவனை, புயலில் சாய்ந்தவன் என்றா கம்ப்யூட்டர் காட்டுகிறது? பாக்கிக்காரன் என்றுதான் காட்டுகிறது.

இத்தனைக்கும் ரிசர்வ் பேங்க் 2018 அக்டோபரிலேயே, கஜாவுக்கு ஒரு மாதம் முன்னால், நெறிமுறை வெளியிட்டிருந்தது. இயற்கைச் சீற்றத்தில் 33 சதவீதத்துக்கு மேல் பயிர் போனால் பயிர்க்கடனைத் திருத்தி, தவணையைத் தள்ளி வைக்கலாம். அப்படித் திருத்திய கடனை வாராக்கடன் என்று எழுதக்கூடாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். மற்ற கடன் 90 நாள் தப்பினால் வாராக்கடன். குறுகிய காலப் பயிர்க்கடன் அப்படியில்லை. தவணை தப்பி இரண்டு பயிர்ப் பருவம் போன பிறகுதான் அந்த முத்திரை. இதையெல்லாம் நம்மிடம் யார் வாய்விட்டுச் சொன்னார்கள்?

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? முதலில் நம்ம அறிக்கையை நாமே வாங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். 2017 ஜனவரியிலிருந்து இது நடைமுறை. படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் செல்போனிலேயே எடுத்துத் தருவார்கள். நாம் பார்ப்பதால் மார்க் குறையாது, பயப்பட வேண்டாம்.

வாங்கியதும் மார்க்கைப் பார்த்து மலைக்காதீர்கள். கடன் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இது நான் வாங்கியதுதானா? கருப்பையா என்று ஊருக்கு நாலு பேர் இருக்கிறோம். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதிலேயே ஒருத்தன் கடன் இன்னொருத்தன் தலையில் ஏறிவிடும். அடைத்து முடித்த கடன் இன்னும் நிலுவை என்று நிற்கிறதா? மச்சானுக்கு டிராக்டர் வாங்க ஜாமீன் போட்டீர்களே, அதில் தவணை நிற்கிறதா? மகளிர் குழுக் கடனுக்கும் இதே கதைதான். தாய்மார்கள் தங்கள் பெயரிலும் எடுத்துப் பாருங்கள்.

தப்பு இருந்தால், கடன் கொடுத்த பேங்குக்கும் அந்தக் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். கடனடைத்த ரசீது, நிலுவை இல்லாச் சான்று ஆகியவற்றின் நகலை வைத்து, நம்ம கையில் இருக்கும் நகலில் பேங்க் சீலும் தேதியும் வாங்குங்கள். அந்தத் தேதிதான் முக்கியம். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு! 2023 அக்டோபரில் ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவு, 2024 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. அந்த 30 நாளில் பேங்குக்கு 21 நாள். திருத்திய விவரத்தை அதற்குள் கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், செலவு கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

நிஜமாகவே பாக்கி இருந்தால்? இங்கேதான் நம்மாள் ஏமாறுகிறான். "ஒரு லட்சத்துக்கு அறுபதாயிரம் கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்று ஒருமுறைத் தீர்வுக்குக் கூப்பிடுவார்கள். முடிந்தது என்று சந்தோஷமாக வருவோம். அறிக்கையில் "கணக்கு முடிந்தது" என்று வராது, "குறைத்துத் தீர்த்தது" என்று வரும். அடுத்த பேங்க்காரன் அதைப் பார்த்தே கதவைச் சாத்துவான். வேறு வழியே இல்லாதவர் தீர்வுக்குப் போகட்டும், தப்பில்லை. முடிந்தவர்கள் முழுசாகக் கட்டி முடித்த சான்று வாங்குங்கள். கிசான் கார்டுக் கடனை வருஷா வருஷம் தேதி தப்பாமல் புதுப்பியுங்கள். வட்டிச் சலுகையும் கிடைக்கும், மார்க்கும் மெல்ல ஏறும். மெல்லத்தான் ஏறும். "ஐயாயிரம் கொடுங்க, ஒரே வாரத்துல ஸ்கோரை ஏத்திடுறேன்" என்று ஒருத்தன் வந்தால் செருப்பைக் கையில் எடுங்கள். உண்மையான பாக்கியை எந்தப் புரோக்கராலும் அழிக்க முடியாது.

இது கடனோடு நிற்கிற விஷயமும் இல்லை. சிபில் சரியில்லை என்று ஸ்டேட் பேங்க் ஒரு இளைஞரின் வேலை உத்தரவை ரத்து செய்தது. அது சரிதான் என்று 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்விக்கடன் வாங்கியிருக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

இதுவரைக்கும் கடன் வாங்காதவருக்கு மார்க்கே இருக்காது. அதைச் சாக்காகச் சொல்லி மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் பேங்கே சொல்லியிருக்கிறது. குறைந்தபட்ச மார்க் என்று ரிசர்வ் பேங்க் எதையும் வைக்கவும் இல்லை என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அப்படியானால் நம்மைத் திருப்பி அனுப்ப இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஆகவே கேட்கிறோம். பயிர்க்கடனுக்கு சிபில் மார்க் பார்ப்பதை அடியோடு நிறுத்து! கடன் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு! புயலிலும் வறட்சியிலும் தப்பிய தவணையை விவசாயியின் குற்றமாக எழுதாதே! 2021-இல் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனதே, அதில் ஒரு கணக்குகூட எந்த அறிக்கையிலும் பாக்கி என்று நிற்காமல் சரிபார்த்துத் திருத்து!

வருகிற திங்கட்கிழமை புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர் நாள். காலை 7 மணிக்குக் கட்டுமாவடி கடைவீதியில் கூடுகிறோம். வரும்போது சிபில் அறிக்கை, கடன் பாஸ்புக், அடைத்த ரசீது, மூன்றிலும் ரெண்டு ரெண்டு நகல் எடுத்து வாருங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு அங்கேயே எழுதித் தருகிறோம்.