துறுகல்லும் நம் சொல்லும்



கலும்பாங்கிலிருந்து கிழக்கே நோக்கினால் தித்திவங்சா மலைத்தொடர் நீலநிறமாய்த் தெரியும். கோல குபு பாருவை அடுத்துள்ள புக்கிட் கூத்து அத்தொடரைச் சேர்ந்தது. உயரம் 1,053 மீட்டர். இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சிலருடனும் மாணவருடனும் அண்மையில் அம்மலையில் ஏறினோம். மொழியியலாருக்கு மலையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உச்சியில் ஒரு மாணவி கேட்ட கேள்வியே இவ்வுரைக்குக் காரணம்.

ஓடைகளைக் கடந்து, வேர்களைப் பற்றிக்கொண்டு ஏறும் வழி அது. உச்சியருகே, ஆங்கிலேயர் கட்டிய ஓய்வு மாளிகையின் புகைபோக்கி மட்டும் இன்று நிற்கிறது. அதற்கும் மேலே பெரும் பெரும் உருண்டைப் பாறைகள் கிடக்கின்றன. அவற்றின்மேல் செல்ல ஏணி வேண்டும். அண்ணாந்து பார்த்த அம்மாணவி, "ஐயா, இவ்வளவு பெரிய கல்லை இங்கே யார் கொண்டுவந்து வைத்தார்கள்?" என்றாள்.

ஒருவரும் வைக்கவில்லை. சுற்றியிருந்தவை போய்விட்டன, இவை எஞ்சி நிற்கின்றன. இதை விளக்க முற்பட்டபோதுதான் நம் பிழையொன்று நமக்கே புலப்பட்டது. கருங்கல்லை 'எரிமலைப் பாறை' என்றே பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தோம். இம்மலை எரிமலையிலிருந்து வழிந்ததன்று. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், இரண்டு நிலப்பகுதிகள் மோதி இணைந்த காலத்தையொட்டி, பாறைக்குழம்பு தரைக்கு மேல் வராமலே, பல கிலோமீட்டர் ஆழத்தில் மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியது. மெல்லக் குளிர்ந்தமையால் மணிகள் கண்ணுக்குத் தெரியுமளவு பெரியனவாக வளர்ந்தன. வழியில் உடைந்து கிடந்த துண்டொன்றைக் காட்டினோம். வெளிப்புறம் கறுத்திருந்தது, உள்ளே வெளிறிய ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடி போன்ற குவார்ட்சு, மின்னும் காக்காப்பொன். 'தீப்பாறை' என்னும் பாடநூற் சொல் இதற்குப் பொருந்தும். 'எரிமலைப் பாறை' பொருந்தாது.

ஆழத்தில் இறுகியது உச்சிக்கு வந்தது எவ்வாறு? மேலிருந்த பாறையை மழையும் ஆறும் அரித்துச் சென்றன, நிலமும் உயர்ந்தது. ஒரு கிலோமீட்டர் கனமுள்ள கருங்கல், ஒவ்வொரு சதுர மீட்டர்மேலும் ஏறத்தாழ 2,700 டன் சுமையை ஏற்றும். அச்சுமை நீங்கினால் அடியிலுள்ள பாறை சற்றே விரிந்து வெடிக்கும். பழந்தமிழில் 'பொறை' என்பதற்குச் சுமை என்றும் பொருளுண்டு, மலை என்றும் பொருளுண்டு. வகுப்பில் இவ்விடத்தைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான சொல் நமக்குக் கிட்டவில்லை.

வெடிப்பை நம் முன்னோர் 'விடர்' என்றனர். விடர்வழியே மழைநீர் இறங்குகிறது. பாளத்தின் முகத்தை நீர் ஒரு பக்கத்திலிருந்தும், விளிம்பை இரு பக்கங்களிலிருந்தும், மூலையை மூன்று பக்கங்களிலிருந்தும் தாக்குகிறது. ஆகவே மூலைகளே முதலில் மட்கி உதிர்கின்றன. சதுரக் கல் உருண்டையாகிறது. மட்கிய மண்ணை மழை கழுவிவிட, உருண்டை தனித்து நிற்கிறது. சங்கப் புலவர் அதைத் 'துறுகல்' என்றனர். வேங்கைப் பூ உதிர்ந்த துறுகல் புலிக்குட்டி போலத் தோன்றுவதைக் குறுந்தொகை காட்டுகிறது. அம்மாணவி கண்டது துறுகல். அவளிடம் அதற்குச் சொல் இல்லை.

கழுவப்பட்டது எங்கே போயிற்று என்பதும் நம் வரலாறே. ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாயிற்று, குவார்ட்சு ஆற்றுமணலாயிற்று. இக்கருங்கல்லோடு தொடர்புடைய ஈயத்தாது ஆற்றுப்படுகைகளில் தங்கியது. அதைத் தேடி வந்தோரால் கோல குபு வளர்ந்தது. 1883 அக்டோபரில் அணை உடைந்து அவ்வூரை வெள்ளம் அழித்தது. பின்னர்ச் சுரங்கக் கழிமணல் ஆற்றை மேடாக்கியதால் வெள்ளம் ஓயாது வரவே, ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றினர். இன்றைய கோல குபு பாரு அதுதான். மலைநாட்டின் கருங்கல் மட்கிய மண்ணில் பால்மரமும் செம்பனையும் நன்கு வளர்ந்தன; அம்மரங்களை நம்பியே நம் முன்னோர் தோட்டங்களுக்கு வந்தனர்.

அவர்களுள் பலர் திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே மொட்டைப் பாறை ஊர்தோறும் உண்டு. மதுரையை அடுத்த யானைமலையை எண்ணுக. படுத்த யானை போன்ற அப்பாறை நம் மலையைவிடப் பன்மடங்கு மூத்தது. விடர்கள் குறைந்த இத்தகைய பாறையில் நீர் இறங்காமல் வழிந்தோடிவிடும், மண் தங்காது, காடு மூடாது. அத்தகைய குவிமாடப் பாறை மேலிருந்து ஏடு ஏடாக உரியும். தமிழகக் கல்லுடைப்போர் பாறைமேல் தீ மூட்டி மேலேட்டைப் பிரித்தெடுத்தது இவ்வியல்பை அறிந்தே. கி.பி. 770இல் பாண்டியனின் அமைச்சர் மாறன் காரி அங்கே நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை அமைக்க முடிந்ததும் அப்பாறை பிளவின்றி இருந்தமையால்தான். இங்கோ விடர்கள் மிகுதி. ஆண்டு முழுதும் மழை. ஆகவே பாறை மண்ணாகிக் காட்டுக்குள் மறைந்தது.

பாறை மறைந்த நாட்டில் பாறைச் சொற்களும் மறைந்தன. தோட்டத்தில் கண்முன் இருந்தவற்றுக்கு நாம் சொல் படைத்தோம்: பால்மரம், நிரை, மங்கு. கண்முன் இல்லாத விடரும் சுனையும் துறுகல்லும் செய்யுட் பகுதியின் அருஞ்சொற்பொருளில் ஒதுங்கின. மாணவர் அவற்றைத் தேர்வுக்காக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்கின்றனர். இப்போது தோட்டங்களும் கலைந்து வருகின்றன. நிரையும் மங்கும் அதே வழியில் போகக்கூடும்.

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவரை மலையடிவாரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். உச்சிக்கு ஏற வேண்டுமென்பதில்லை. ஓடைக்கரையிலேயே துறுகல் கிடக்கும். அதைத் தொடச் செய்து சொல்லைச் சொல்லுங்கள். அறிவியலாசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து சென்றால் இன்னும் நன்று.

இறங்கும்போது அம்மாணவி ஓடையில் நின்று, "ஐயா, இதுவும் துறுகல்தானே?" என்றாள். ஆம் என்றோம். அடுத்த கல்லைத் தன் தோழிக்கு அவளே காட்டினாள்.