கனவுக்குள் விழிப்பு

கனவு காணும்போது அது கனவு என்று நமக்குத் தெரிவதில்லை. காலஞ்சென்ற பாட்டனார் எதிரே வந்து அமர்ந்து வெற்றிலை மடிப்பார், நாம் வியப்படைவதில்லை. மும்பையிலோ கொல்கத்தாவிலோ நாம் குடியிருக்கும் மூன்றாவது மாடி வீட்டின் பின்கதவைத் திறந்தால் நம்முடைய ஊர்க்குளத்துப் படித்துறை தெரியும், அதற்கும் வியப்படைவதில்லை. விழித்தெழுந்த பின்னரே அதன் பொருத்தமின்மை உறைக்கிறது. ஆனால் சிலருக்கு, சில இரவுகளில், கனவு நடந்துகொண்டிருக்கும்போதே "இது கனவு" என்ற அறிவு உண்டாகிவிடுகிறது. உறக்கம் கலைவதில்லை, கனவும் கலைவதில்லை. நாடகம் பார்ப்பவன், நாடகம் என்று அறிந்துகொண்டே அதில் ஒன்றியிருப்பது போன்ற நிலை அது. ஒரே ஒரு வேற்றுமை, இங்கே பார்ப்பவனே மேடைமீதும் நிற்கிறான். இதைத் தெளிந்த கனவு என்று நாம் அழைக்கலாம்.

இப்படி ஒரு நிலை உண்டென்பது புதிய செய்தியன்று. உறங்குகிறவனுடைய உள்ளத்தில் ஏதோ ஒன்று, "நீ காண்பது கனவு" என்று கூறுவதுண்டு என்று கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். இந்தியச் சித்தராகிய நாரோபாவின் பெயரால் வழங்கும் ஆறு யோகங்களுள் கனவு யோகமும் ஒன்று; அது திபெத்திய பௌத்தர்களிடையே இன்றும் பயிலப்படுகிறது. நம்முடைய சைவ சித்தாந்த நூல்கள் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று உயிரின் நிலைகளை ஐந்தாக வகுத்துப் பேசுகின்றன. திருக்குறளிலோ கனவுநிலை உரைத்தல் என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே பேசும் தலைவி, நனவென்ற ஒன்று குறுக்கிடாதிருந்தால் காதலர் கனவில் தன்னைப் பிரிந்திருக்கமாட்டார் என்று ஏங்குகிறாள். எனினும் அவளுடைய தெளிவு விழித்தபின் வந்த தெளிவு. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது, விழிக்காமலே வருகின்ற தெளிவு.

இதைப் பொறுமையோடு ஆராய்ந்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் ஹெர்வே த சான்-தெனி என்னும் பிரெஞ்சுக்காரர். சீன மொழியில் புலமை பெற்றவர். பதின்மூன்றாம் வயதிலேயே கனவுகளை எழுதிவைக்கத் தொடங்கி, கனவுகளை நடத்திச்செல்லும் வழிகளைப் பற்றி 1867ஆம் ஆண்டில் தம் பெயரைப் போடாமலே ஒரு நூல் வெளியிட்டார். அவர் செய்த சோதனை ஒன்று வெளிமாநிலங்களில் வாழும் நமக்குச் சுவையாக இருக்கும். விவரே என்னும் மலைப்பகுதிக்குச் சென்று தங்கியபோது, ஒரு குறிப்பிட்ட வாசனைத் திரவியத்தைக் கைக்குட்டையில் நனைத்து நாள்தோறும் முகர்ந்துவந்தார். வீடு திரும்பியபின் அந்தப் புட்டியைத் திறக்கவேயில்லை. பல மாதங்கள் கழித்து, தாம் அறியாத ஓர் இரவில் அதைச் சில துளிகள் தலையணைமேல் தெளிக்குமாறு பணியாளிடம் சொல்லிவைத்தார். பணியாள் தெளித்த இரவில் அவர் கனவில் விவரே மலைகள் வந்தன. மருக்கொழுந்தின் மணமோ, வறுத்த காப்பிக்கொட்டையின் மணமோ பட்டவுடன் ஊர் நினைவு பொங்கிவருவதை அறிந்தவர்கள் இதைக் கேட்டு ஐயுறமாட்டார்கள்.

தெளிந்த கனவு என்ற பெயரை நிலைநாட்டியவர் பிரடரிக் வான் ஈடன் என்னும் டச்சு மனநோய் மருத்துவர். 1913ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையில், தம் குறிப்பேட்டில் பதிந்த ஏறக்குறைய ஐந்நூறு கனவுகளுள் 352 இவ்வகையைச் சேர்ந்தவை என்று கணக்குச் சொல்லுகிறார். அவர் கனவுக்குள்ளேயே சோதனைகள் செய்து பார்த்தவர். ஒருமுறை கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கையால் ஓங்கி அடித்தாராம், உடையவில்லை. சற்றுப் பொறுத்துப் பார்த்தால், உடைந்து கிடந்தது! கனவுலகம் சற்றுத் தாமதமாக விழித்துக்கொண்டு தன் பிழையைத் திருத்திக்கொண்டது போலும்.

இவையெல்லாம் அவரவர் சொல்லும் சான்று தானே, உறங்கியவன் சொல்வதை எப்படி நம்புவது என்று விஞ்ஞானிகள் நெடுநாள் ஒதுக்கிவைத்திருந்தனர். அந்தத் தடை நீங்கிய வரலாறு மிக அழகானது. 1953ஆம் ஆண்டில் சிகாகோ சர்வகலாசாலையில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறக்கத்தில் கண்விழிகள் இமைக்குள் விரைந்து அசையும் வேளைகள் உண்டென்றும், அவ்வேளைகளில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவைச் சொல்லுகின்றனர் என்றும் கண்டறிந்தனர். அப்பொழுது கைகால் தசைகள் ஏறத்தாழச் செயலற்றுக் கிடக்கின்றன. கனவில் ஓடுகிறவன் கட்டிலைவிட்டு ஓடாமல் காப்பது அந்த ஏற்பாடே. மூச்சும் கண்களும் மட்டும் அதற்கு விலக்கு. அப்படியானால், கனவுக்குள் விழித்துக்கொண்டவன் வெளியுலகுக்குச் செய்தி சொல்லக் கண்களே போதுமல்லவா? இங்கிலாந்தில் ஹல் சர்வகலாசாலையில் கீத் ஹெர்ன் என்பவர் 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் காலையில், ஆலன் வோர்ஸ்லி என்பவரை உறங்கவைத்துக் காத்திருந்தார். கனவு என்று தெரிந்த கணத்தில் விழிகளை இடமும் வலமுமாகப் பலமுறை நகர்த்தவேண்டும் என்பது முன்னேற்பாடு. கருவியின் காகிதத்தில் அந்த அசைவு பதிவாயிற்று. உறங்குகிறவன் உறங்கிக்கொண்டே அனுப்பிய தந்தி அது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபார்ஜ் தனியே அதே முடிவுக்கு வந்து, அவ்வாராய்ச்சியைப் பெரிதும் வளர்த்தார்.

2021ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே சென்றது. அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 36 பேரை வைத்து நடந்தது அது. உறங்குகிறவரிடம், எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்டார்கள். அவர் கண்களை இருமுறை அசைத்து விடை சொன்னார்! எல்லாரும் எப்போதும் இப்படிச் சொல்லிவிடவில்லை. ஐந்தில் ஒன்றுக்கும் குறைவான கேள்விகளுக்கே சரியான விடை கிடைத்தது. ஆயினும் கனவுக்குள் கேள்வி நுழையவும், விடை வெளிவரவும் வழியுண்டு என்பது ஐயமறத் தெரிந்துவிட்டது.

இனி, இதைப் பழகிக்கொள்ள முடியுமா என்பது கேள்வி. முடியும், ஆனால் அவசரக்காரர்களுக்கு அன்று. முதல் வேலை, படுக்கையருகே ஒரு குறிப்பேடும் பென்சிலும் வைத்துக்கொள்ளுதல். விழித்தவுடன் அசையாமல் சற்றுக் கிடந்து, நினைவில் ஒட்டியதை எழுதவேண்டும். காப்பி குடித்துவிட்டு எழுதலாம் என்று எழுந்தால் பாதி கரைந்துவிடும். சில வாரங்களில் உங்கள் கனவுகளுக்கென்று சில வாடிக்கையான பிழைகள் இருப்பது புலனாகும். நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் கனவுகளில் இரண்டு ஊர்கள் கலந்துகொள்ளுகின்றன. கிராமத்தைவிட்டு வெளியே காலடி வைக்காத அத்தை மராத்தியில் பேரம் பேசுவார். லோதி தோட்டத்துக்குள் மாரியம்மன் தேர் வரும். அவையே அடையாளங்கள். அவற்றைக் கண்டால் "இது கனவு" என்று நினைக்கவேண்டும் எனப் பகலிலேயே மனத்தைப் பழக்கவேண்டும்.

அதற்குத் துணையாகப் பகலில் சில முறை, "நான் இப்போது விழித்திருக்கிறேனா?" என்று உண்மையாகவே கேட்டுச் சோதிக்கவேண்டும். எழுதியுள்ள ஒன்றைப் படித்து, கண்ணை விலக்கி, மறுபடி படித்துப் பாருங்கள். கனவில் எழுத்துக்கள் பெரும்பாலும் மாறிவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சிழுத்துப் பாருங்கள். கனவில் மூச்சு வரும். மூன்றாவது வழி லபார்ஜ் வகுத்தது. கனவுறக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. விடியலை நெருங்க நெருங்க நீளுகிறது. ஆகவே ஐந்து மணி நேரம் உறங்கியபின் விழித்து, சற்றுமுன் கண்ட கனவை நினைவுகூர்ந்து, "அடுத்த கனவில் இது கனவு என்பதை நினைவில் கொள்வேன்" என்று கருத்தூன்றியபடியே மறுபடி உறங்கவேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இவற்றை ஒருசேரக் கையாண்டவர்களுக்கு நூற்றுக்குப் பதினேழு இரவுகளில் பலன் கிட்டியது. அந்த எண்ணத்தோடு படுத்து ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிவிட்டவர்களுக்கோ நூற்றுக்கு நாற்பத்தாறு.

எச்சரிக்கையும் சொல்லவேண்டும். உறக்கத்தை முறித்துப் பழகும் பயிற்சி இது; உறக்கக் குறைவு உள்ளவர்களும், இரவு வேலைக்குச் செல்வோரும் நாள்தோறும் செய்வது தகாது. நனவுக்கும் கற்பனைக்கும் எல்லை மங்கும் மனநோய் உள்ளவர்கள் இதன் பக்கம் போகவே வேண்டாம். சிலருக்கு விழித்தபின்பும் சில கணம் உடல் அசையாமல், மார்பில் யாரோ ஏறி அமர்ந்ததுபோல் தோன்றும். அமுக்குவான் பேய் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். கனவுறக்கத்தில் தளர்ந்த தசைகள் மறுபடி இணங்கச் சற்றுத் தாமதமாவதே காரணம். அஞ்சவேண்டியதில்லை, தானே நீங்கும்.

இதில் எனக்கு ஈடுபாடு பிறந்ததன் காரணத்தையும் சொல்லவேண்டும். 1984ஆம் ஆண்டில் நான் தில்லியில் வேலையில் இருந்தபோது, தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து, அம்மா கவலைக்கிடம் என்று தந்தி வந்தது. விடுப்பு விண்ணப்பத்தில் கையொப்பம் வாங்க நின்ற ஒரு மணி நேரத்தில் அன்றைய மாலை வண்டி போய்விட்டது. மறுநாள் ஏறி, இரண்டு இரவு பயணம் செய்து நான் வீட்டு வாசலை அடைந்தபோது, தம்பி கொள்ளியிட்டு முடித்து, அஸ்தியைக் காவிரியில் கரைக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். தந்தி என்பது நம் நாட்டில் 2013ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. என் கனவில் நிற்கவில்லை. பிளாட்பாரத்தில் ஓடுவேன்; வண்டி நகரும்; வியர்த்து எழுவேன். மாதம் ஒருமுறையேனும் வரும்.

கொடுங்கனவுகளைத் தணிக்கத் தெளிந்த கனவு உதவுமா என்று நெதர்லாந்தில் ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் எழுதினார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் கொடுங்கனவு குறைந்தது உண்மை. ஆனால் தெளிவு கிட்டாதவர்களிடமும் குறைந்திருந்தது. கனவை எதிர்நோக்கத் துணிந்ததே மருந்தாகியிருக்கலாம். எப்படியாயினும் இழப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை. ஏழு மாதம் குறிப்பேடு எழுதினேன். ஒரு மார்கழி விடியற்காலையில் அதே பிளாட்பாரம், அதே ஓட்டம். சன்னலோரம் அம்மா அமர்ந்திருந்தாள். நான் தில்லியில் வாங்கி அனுப்பிய கம்பளிச் சுவெட்டரை அணிந்திருந்தாள். தஞ்சாவூர் வெயிலில் அதை அவள் ஒருநாளும் போட்டதில்லை. அந்துருண்டை வைத்துப் பெட்டியில் மடித்தே வைத்திருந்தாள். நிமிர்ந்து ஊர்ப்பெயர்ப் பலகையைப் படித்தேன். மறுபடி படித்தேன். எழுத்து மாறியிருந்தது. ஓட்டத்தை நிறுத்தினேன். வண்டியும் நின்றது.

அவளிடம் கேட்க நாற்பதாண்டுக் கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. கடைசியில் என்னைத் தேடினாளா என்பது. கேட்டேன். அதே சமயம், விடை சொல்லப்போவது என் மூளையே, எனக்குத் தெரியாத ஒன்றை அது சொல்ல இயலாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டாள். கனவு அத்துடன் கலைந்தது.

பின்னர் அக்கனவு இருமுறை வந்தது. இரண்டு முறையும் அது கனவென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வண்டி புறப்படாமல் நின்றுகொண்டிருந்தது. நான் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துதான் போனேன்.