வென்றவன் வெட்டிய கல்

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

சீதையைத் தேடும் அவசரத்திலும் இராமபிரான் நின்று, தமக்காக வீழ்ந்த ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த தலம் என்று ஸ்தல புராணம் போற்றும் இத்திருப்புட்குழியில், உங்களுள் சிலர் நாளை இராணுவத்திலோ அரசுப் பணியிலோ ஏற்கக்கூடிய ஒரு கடமையைப் பற்றி, அதாவது போர் ஓய்ந்த ஊரில் குடிமக்களின் வாழ்வை மீண்டும் நிலைநிறுத்தும் பணியையும் அது பலித்ததா என்று அளக்கும் முறையையும் பற்றிப் பேச விரும்புகிறேன்.

போட்ட பாலங்களையும் வழங்கிய அரிசி மூட்டைகளையும் எண்ணிவிடுவது சுலபம். ஆனால் அது கொடுத்தவனுடைய கணக்கு. வியட்நாமில் அமெரிக்கர்கள் 1967 முதல் ஆயிரக்கணக்கான குக்கிராமங்களுக்கு மாதந்தோறும் பாதுகாப்புத் தரம் இட்டார்கள். இட்டவர்கள் அவர்களுடைய ஆலோசகர்களே. பெரும்பான்மை ஜனங்கள் பத்திரமாக இருப்பதாக அவ்வட்டவணை சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, 1968 ஜனவரி இறுதியில் எதிர்த்தரப்பு தொடங்கிய டெட் தாக்குதல் நகரங்களையே உலுக்கியது.

நம் மனத்துக்கு மிக நெருங்கிய வேதனை ஒன்றும் உண்டு. 1987 ஜூலையில் இலங்கை சென்ற இந்திய அமைதி காக்கும் படையின் காவலில், 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தது. தேர்தல் நடந்தேறியதே வெற்றி என்று கொள்ளப்பட்டது. வடக்கில் உறுப்பினர்கள் போட்டியின்றியே வந்தார்கள் என்பதில் மக்களின் மௌனம் எழுதியிருந்தது. அதைப் படித்தவர் சிலரே. 1990 மார்ச்சில் படை திரும்பியது. அம்மாகாண ஆட்சியும் அத்துடன் சரிந்தது.

இவற்றினும் பழைய சான்று காஞ்சியிலேயே இருக்கிறது. 642-இல் தம் தலைநகர் வாதாபி பல்லவரிடம் வீழ்ந்த பழியைத் தீர்க்க எட்டாம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், நகரத்தை அழிக்காமல், எளியோர்க்குத் தானம் அளித்து, இராஜசிம்மேசுவரக் கோயிலின் பெருஞ்செல்வத்தைக் கண்டும் அதை இறைவனுக்கே திருப்பித் தந்தான் என்று அவன் கன்னடக் கல்வெட்டும் சாளுக்கியச் செப்பேடும் கூறுகின்றன. வென்றவன் தன்னைப் புகழ்ந்து வெட்டிய கல்லை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நாட்டை இழந்து ஓடிய பல்லவ மன்னன் நந்திவர்மன் மீண்டு வந்து நெடுங்காலம் ஆண்டபோதும், பகைவனின் அக்கல் தன் குலக்கோயிலில் இருக்கக் கண்டும் அதைச் சிதைக்கவில்லை. தோற்றவன் அதிகாரம் பெற்ற பிறகு என்ன செய்கிறான் என்பதே, என் எண்ணத்தில், இத்தகைய பணிக்கு உரிய அளவுகோல்.

அளப்பவன் யார் என்பதையும் நம் ஜில்லாவே தீர்த்து வைத்திருக்கிறது. உத்திரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளின் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளில், ஊர்ச்சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி அவன் உறவினரும் மீண்டும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவராயினர். பணி செய்தவனை அளப்பது ஊரே என்பது இதன் பொருள்.

ஆகவே எந்த ஊருக்கு அனுப்பப்பட்டாலும், நீங்கள் திரும்பிய பிறகு அங்கே எந்தக் கடை திறந்திருக்க வேண்டும், எந்தப் பெண் அஞ்சாமல் இரவில் நடக்க வேண்டும், அதை யாரிடம் கேட்டறிவது என்று புறப்படுமுன்பே எழுதி வையுங்கள். விக்கிரமாதித்தனின் கல்வெட்டு இன்று கைலாசநாதர் கோயில் என வழங்கும் அதே கோயிலில், தூண் ஒன்றில் இருக்கிறது; ஊர் திரும்புமுன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.